பேட்டரி மாற்றினார்கள், கம்பி என்ன ஆனது?

2022 மார்ச் மாதம் சவூதி மன்னர் சல்மான் ரியாத்தில் உள்ள கிங் ஃபைசல் ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். பரிசோதனைகள் நன்றாக முடிந்தன, பேஸ்மேக்கரின் பேட்டரி மாற்றப்பட்டது என்று அரசுச் செய்தி நிறுவனம் அறிவித்தது. அப்போது அவருக்கு 86 வயது. பக்கத்து நாடான குவைத்தின் ஷேக் சபாவுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், 2006-ல், அவர் அமீராகப் பொறுப்பேற்றார். 2020-ல் 91 வயதில் காலமாகும்வரை ஆண்டார். நெஞ்சில் பெட்டி வைத்தவர் இனி ஓய்ந்து உட்கார வேண்டியதுதான் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு பேரே போதுமான பதில்.

மன்னரின் பேட்டரி மாற்றம் இரண்டு வரிச் செய்தியாகத்தான் வந்தது. பெரும்பாலும் அது அவ்வளவு சிறிய வேலையும்கூட. தோலுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி, ஒரு மணி நேரம், மறுநாள் வீடு. ஆனால் பேட்டரியை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. டைட்டானியம் உறைக்குள் பேட்டரியும் மின்சுற்றும் சேர்த்து முத்திரையிட்டு மூடப்பட்டிருக்கும். எனவே பெட்டியையே எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வைப்பார்கள். பழைய பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பிகளைக் கழற்றிப் புதியதில் செருகித் திருகுவார்கள். ஆக, பெட்டி எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். கம்பி மாறுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள்கூட அது உள்ளேயே கிடக்கும். பேஸ்மேக்கர் வைத்தவருக்குப் பிற்காலத்தில் வரும் பெரிய சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியைவிட இந்தக் கம்பியே காரணம்.

மருத்துவர்கள் இதை லீட் என்பார்கள். தாமிரமோ அலுமினியமோ இல்லாத, பலமுறை வளைந்தாலும் ஒடியாத உலோகக் கலவைச் சுருள். அதன்மேல் சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் உறை. இடது காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி ஒரு சிறு பை உண்டாக்குவார்கள். அங்கிருந்து சிரைக்குள் கம்பியை நுழைத்து, மேற்பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கும், மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கும் கொண்டுபோவார்கள். நுனியில் உள்ள சிறு திருகு இதயத் தசையில் பதியும். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கம்பி கொஞ்சம் வளைகிறது. பத்து ஆண்டுகளில் 36 கோடி முறைக்கு மேல். இவ்வளவு வளைந்தும் பெரும்பாலான கம்பிகள் ஒடியாமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு.

உடம்பு சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த அந்நியப் பொருளைச் சுற்றி முதலில் மெல்லிய உறைவுப் படலம் பூசுகிறது. மாதங்கள் போகப்போக அது தழும்புத் திசுவாகிறது. ஆண்டுகள் கழிந்தால் அதில் சுண்ணாம்பும் படியலாம். நம்மூர் வேலியோரம் பூவரச மரம் பருத்து முள்கம்பியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளுமே, அதுபோல சிரையின் சுவர் கம்பியை இழுத்துக்கொள்கிறது. கம்பி சிரைக்குள் நுழையும் இடம், மேற்பெருஞ்சிரையில் திரும்பும் வளைவு, மூவிதழ் வால்வு, நுனி பதிந்த தசை ஆகிய இடங்களில் ஒட்டுதல் அதிகம். இளம் வயதில் கம்பி வைத்துக்கொண்டவர்களிடம் இந்தத் தழும்பு இன்னும் கெட்டியாக இருக்கும். அப்படி ஒட்டிக்கொண்டதை ஏதோ காரணத்தால் வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது?

ஏன் எடுக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். பொருத்திய சில நாள்களில் வரும் சிக்கல்கள் வேறு வகை. நுரையீரல் உறைக்குள் காற்றுப் புகுவது, கம்பி நுனி விலகிவிடுவது, அபூர்வமாக இதயச் சுவரைத் துளைத்துச் சுற்றிலும் ரத்தம் தேங்குவது. இவை அநேகமாக ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். சிலர் தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தே கம்பியைச் சுருட்டி இழுத்துவிடுவார்கள். 1968-லேயே மருத்துவ இதழில் பதிவான பழக்கம் இது.

கொஞ்சம் கவனிக்க வேண்டியது பையில் ரத்தம் கட்டுவது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அறுவைக்கு முன் அதை நிறுத்திவிட்டு ஹெப்பாரின் ஊசி போடும் வழக்கம் இருந்தது. 2013-ல் கனடா மருத்துவர்கள் நடத்திய ஆய்வு அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. ஹெப்பாரின் போட்டவர்களில் 16 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ரத்தம் கட்டியது. வார்ஃபரினை நிறுத்தாமலே அறுவை செய்தவர்களில் அது 3.5 சதவீதம். ரத்தம் கட்டியவர்களுக்குப் பிற்பாடு தொற்று வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று அதே குழு பின்னர் காட்டியது. வீக்கம் தெரிந்தவுடன் சிரிஞ்சால் குத்தி உறிஞ்சக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. ஊசி போகும் வழியில் தோலில் உள்ள கிருமியும் போகும்.

எல்லாவற்றிலும் கெட்டது தொற்றுதான். இப்படி வைத்துக்கொள்வோம்: துபாய் சோனாப்பூர் கேம்பில் இருக்கும் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தார்கள். திடீரென்று பெட்டி இருக்கும் இடம் சிவந்து, கொஞ்சம் சூடாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. வேலைக்கும் போய்வருகிறார். பார்மசியில் சொல்லி ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுகிறார். சிவப்பு அடங்குகிறது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வருகிறது. இந்த முறை தோல் மெலிந்து, பெட்டியின் விளிம்பு பளபளவென்று தெரிகிறது, அல்லது ஒரு சொட்டுச் சீழ் கசிகிறது. யாரோ ஒரு கிளினிக்கில் கட்டியைக் கீறிச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு அனுப்புகிறார்கள்.

இந்தக் கதையில் ஒவ்வொரு படியும் தவறு, ஆனால் ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நியாயமாகத்தான் தோன்றும். தோலில் எப்போதும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள்தான் பெரும்பாலும் காரணம். உலோகத்தின் மீதும் பிளாஸ்டிக் மீதும் உட்கார்ந்தவுடன் அவை பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. மருந்து ரத்தத்தில் ஓடும். அந்தப் படலத்துக்குள் போதுமான அளவு போகாது. மேலோட்டமாக இருப்பவை சாகும், சிவப்பு குறையும், உள்ளே இருப்பவை காத்திருக்கும். பையில் இருக்கும் கிருமி கம்பியைப் பிடித்துக்கொண்டே இதயத்துக்குள் இறங்கினால் வால்விலும் கம்பியிலும் கிருமிக் குவியல்கள் வளரும். அங்கிருந்து உடைந்த துணுக்குகள் நுரையீரலுக்குப் போகும். அதனால்தான், தொற்று உறுதியானால், அது பையில் மட்டுமே இருப்பதுபோலத் தோன்றினாலும், பெட்டியையும் கம்பிகளையும் முழுமையாக அகற்ற வேண்டும் என்று 2017-ல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது.

சொல்வது ஒன்று, நடப்பது இன்னொன்று. அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுத் தரவுகளிலிருந்து சாதனத் தொற்று ஏற்பட்ட 11,619 பேரை ஆராய்ந்தார்கள். 30 நாள்களுக்குள் கம்பி அகற்றப்பட்டவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. முதல் ஆறு நாள்களுக்குள் அகற்றியவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. பணமும் நிபுணர்களும் நிறைந்த நாட்டிலேயே இப்படியென்றால், பத்தாக்கா என்ற அடையாள அட்டையும் இன்ஷூரன்ஸ் கார்டும் லீவும் ஒரே நேரத்தில் சரியாக அமைய வேண்டிய ஒருவரின் நிலையை நினைத்துப்பார்க்கலாம்.

முதல் முறை வைப்பதைவிடப் பெட்டியை மாற்றும்போது தொற்று அபாயம் கூடுதல் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய பையின் சுவர் தழும்பேறி ரத்த ஓட்டம் குறைந்துபோயிருக்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே எளிதில் வந்து சேருவதில்லை. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வளைகுடாவில் வாழும் நம்மவர்களிடம் சர்க்கரை எவ்வளவு சகஜம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைச் சுற்றி மருந்து கசியும் வலைப் பை ஒன்றைப் போர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று ஏறத்தாழ 7,000 பேரிடம் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். பெரிய தொற்றுகள் ஒரு வருடத்தில் 1.2 சதவீதத்திலிருந்து 0.7 ஆகக் குறைந்தன.

சரி, எடுப்பது எப்படி? ஆரம்ப காலத்தில் கம்பியின் வெளிமுனையில் எடையைக் கட்டி, கட்டிலோரம் கப்பி போட்டுத் தொங்கவிட்டு, நாள்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சில நேரம் கம்பி வந்தது, சில நேரம் அறுந்தது, சில நேரம் இதயச் சுவரே கிழிந்தது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த சார்லஸ் பேர்ட் போன்ற அறுவை மருத்துவர்கள் 1980-களில் வேறு வழி கண்டார்கள். கம்பியின் நடுவே இருக்கும் நுண்துளைக்குள் ஒரு மெல்லிய ஊசியைச் செலுத்தி, நுனிவரை பூட்டிவிடுவது. அப்போது இழுக்கும் விசை உறையில் விழாமல் நுனிக்குப் போகும். பிறகு கம்பிக்கு மேலே ஒரு குழாயை மாட்டி, தழும்பைப் பிரித்துக்கொண்டே உள்ளே தள்ளுவது. குழாய் இதயச் சுவரை எட்டியதும் அதைச் சுவரின் மீது அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பியை இழுப்பார்கள். சுவர் உள்பக்கம் பிதுங்கி வராமல் குழாய் தடுத்துவிடும்.

இந்தக் குழாயின் விளிம்பில் லேசர் வந்தது 1990-களில். 308 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி, ஒரு மில்லிமீட்டரைவிட மிகக் குறைந்த ஆழத்துக்கு மட்டும் தழும்பைக் கரைக்கும். லேசர் உள்ள குழாயையும் சாதாரணக் குழாயையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் கம்பி முழுமையாக வந்தது 94 சதவீதம், லேசர் இல்லாமல் 64 சதவீதம். இப்போது சுழலும் கத்தி விளிம்புள்ள குழாய்களும் இருக்கின்றன. சுண்ணாம்பு படிந்த தழும்பை லேசர் சரியாகக் கரைப்பதில்லை என்பதால் அனுபவசாலிகள் இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார்கள்.

ஆபத்து எங்கே என்றால், மேற்பெருஞ்சிரை கிழிவதில். அதன் சுவர் மெல்லியது, கம்பி அங்கேதான் வளைந்து ஒட்டியிருக்கும். கிழிந்தால் சில நிமிடங்கள்தான் அவகாசம். நெஞ்சைத் திறந்து தைக்க வேண்டும். அதனால் கம்பி அகற்றும் அறையில் நோயாளியின் நெஞ்சும் தொடையும் முன்கூட்டியே அறுவைக்குத் தயாராகச் சுத்தம் செய்து மூடப்பட்டிருக்கும். எலும்பு அறுக்கும் ரம்பம் மேசையில் இருக்கும், இதய-நுரையீரல் இயந்திரம் பக்கத்தில் நிற்கும், அறுவை மருத்துவர் கூப்பிடு தூரத்தில் என்ன, அறைக்குள்ளேயே இருப்பார். 2016-ல் இதற்கென்றே ஒரு பலூன் வந்தது. தொடைச் சிரை வழியாக முன்பே போட்டுவைத்த கம்பித்தடத்தில் ஏற்றி, கிழிசல் இருக்கும் இடத்தில் ஊதிவிட்டால் ரத்தம் கொட்டுவது குறைந்து, தைப்பதற்கு நேரம் கிடைக்கும்.

இவ்வளவு பயமுறுத்தினாலும் எண்களைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல் வரும். 2017-ல் வெளியான ஐரோப்பியப் பதிவேட்டில் 3,500-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் உண்டு. பெரிய சிக்கல் 1.7 சதவீதம், மரணம் 0.5 சதவீதம். பழக்கமுள்ள மையங்களில் விளைவு இன்னும் நன்றாக இருந்தது. பேஸ்மேக்கர் வைப்பது பல நகரங்களில் நடக்கிறது, எடுப்பதைச் சில இடங்களில் மட்டும் செய்வதே சரி என்பது என் கருத்து. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ செய்யும் இடத்தில் இதைச் செய்துகொள்வதைவிட, கொஞ்சம் தூரம் போவது மேல்.

கம்பியில் வளர்ந்த கிருமிக் குவியல் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் சிரை வழியே இழுக்கும்போது அது உடைந்து நுரையீரலை அடைக்கலாம். அப்போது நெஞ்செலும்பைப் பிளந்து திறந்த அறுவை செய்வதுண்டு, அல்லது வெற்றிடக் குழாயால் குவியலை முதலில் உறிஞ்சி எடுப்பதுண்டு. பேஸ்மேக்கர் இல்லாமல் இதயம் துடிக்காது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இடைக்காலத்துக்கு என்ன வழி? கழுத்துச் சிரை வழியாக ஒரு கம்பியைச் செலுத்தி, பெட்டியைத் தோலுக்கு வெளியே பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைப்பார்கள். ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்று குறைந்தது மூன்று நாள் உறுதியான பிறகு மறுபக்கத்தில் புதுப் பெட்டி வைப்பார்கள்.

தொற்று இல்லாமலும் கம்பி தொல்லை தரும். 1980-ல் மிஷெல் மிரோவ்ஸ்கி குழுவினர் முதன்முதலில் பொருத்திய ஐ.சி.டி., இதயம் தாறுமாறாக அடிக்கும்போது உள்ளிருந்தே ஷாக் கொடுத்து உயிரைக் காப்பது. மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற மெல்லிய ஐ.சி.டி. கம்பி உலகெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டது. அது உள்ளேயே முறிகிறது என்று தெரிந்து 2007 அக்டோபரில் விற்பனையை நிறுத்தினார்கள். முறிந்த கம்பியிலிருந்து வரும் இரைச்சலை ஆபத்தான துடிப்பென்று நினைத்து, நல்ல நினைவோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பெட்டி அடுத்தடுத்து ஷாக் கொடுக்கும். அப்படியானால் எல்லோருக்கும் அதை உருவிவிட வேண்டியதுதானே? இல்லை. முறியாத கம்பியை முன்னெச்சரிக்கையாக உருவுவதில் உள்ள ஆபத்து, அது முறியக்கூடிய ஆபத்தைவிடப் பலருக்கு அதிகமாக இருந்தது. கண்காணித்துக்கொண்டே இருங்கள், முறிந்தால் பார்க்கலாம் என்பதே பெரும்பாலோருக்குக் கிடைத்த அறிவுரை. கத்தியை எடுக்காமல் இருக்கத் தெரிவதும் இந்தத் துறையில் ஒரு தேர்ச்சி.

வளைகுடாவுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2007-ல் பஹ்ரைன், குவைத், கத்தார், ஓமன், அமீரகம், ஏமன் ஆகிய ஆறு நாடுகளில் மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்போடு வந்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவுசெய்தார்கள். சராசரி வயது 55-ஐ ஒட்டித்தான் இருந்தது. மேற்கு நாடுகளில் இதைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு கூடுதல். ஐம்பதில் இதயம் பழுதாகி ஐ.சி.டி. வைத்துக்கொள்பவர், எண்பதில் வைத்துக்கொள்பவரைவிடப் பல ஆண்டுகள் அந்தக் கம்பியோடு வாழ வேண்டும். மூன்று முறை, நான்கு முறை பெட்டி மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பை திறக்கப்படும்.

அந்த வாழ்நாளும் ஒரே நாட்டில் கழிவதில்லை. அபுதாபியில் வைத்த பெட்டியோடு ஒப்பந்தம் முடிந்து பரமக்குடிக்குத் திரும்புகிறவருக்கு அடுத்த பரிசோதனை மதுரையிலோ சென்னையிலோ. ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டிக்கும் தனித்தனி கணினிக் கருவி வேண்டும், ஒருவருடையது இன்னொருவருடையதைப் படிக்காது. பெட்டியின் பெயர், கம்பியின் பெயர், பொருத்திய தேதி உள்ள கார்டு கையில் இல்லையென்றால், கம்பி எத்தனை ஆண்டு பழையது என்றே தெரியாமல் அதை உருவ நேரும். அகற்றும் மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான். பாஸ்போர்ட்டோடு சேர்த்து அந்த கார்டையும், அறுவைக் குறிப்பின் நகலையும் வைத்திருக்க வேண்டும். விசா மருத்துவப் பரிசோதனையில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் பெட்டி தெளிவாகத் தெரியும் என்று சிலர் பயந்து மறைக்கப் பார்க்கிறார்கள். அந்த எக்ஸ்ரே தேடுவது காசநோயை.

அபுதாபியிலும் துபாயிலும் மருத்துவக் காப்பீடு முன்பே கட்டாயம். 2025 ஜனவரி 1 முதல் சார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைராவில் உள்ள தனியார் தொழிலாளர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் அது வந்துவிட்டது. அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 320 திர்ஹாம். கம்பி அகற்றல் போன்ற பெரிய வேலையை அந்தத் திட்டம் எந்த அளவு தாங்கும் என்பதை, தேவை வரும் முன்பே கம்பெனியின் எச்.ஆர். அலுவலகத்தில் கேட்டுவைப்பது நல்லது.

மிகவும் பலவீனமான இதயங்களுக்கு வைக்கும் எல்.வி.ஏ.டி. என்ற விசைப்பம்பின் கதை வேறு. அங்கேயும் கடைசியில் ஒரு கம்பிதான் குற்றவாளி. பம்பு நெஞ்சுக்குள், பேட்டரி இடுப்பில், இரண்டையும் இணைக்கும் மின்கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும். அந்தத் துளை ஒருநாளும் மூடாது. அங்கே தொற்று வந்தால் அழுகிய திசுவை வெட்டி, கம்பியை வேறு பாதையில் திருப்பி, வயிற்றுக் கொழுப்புத் திரையை அதன்மேல் சுற்றி வைத்துப் பார்ப்பார்கள். ஓயவில்லையென்றால் பம்பையே எடுக்க வேண்டும். பம்பை எடுத்தால் வேறு இதயம் வேண்டும். ஹார்ட்வேர் என்ற பம்பு நின்றுபோனால் சில நேரம் மறுபடி ஓட மறுக்கிறது, பக்கவாதமும் கூடுதலாக வருகிறது என்று 2021 ஜூனில் மெட்ரானிக் அதன் விற்பனையை நிறுத்தியபோது, உலகில் ஏறத்தாழ 4,000 பேர் அதை நெஞ்சில் வைத்திருந்தார்கள். அவர்களிடமும் பம்பை எடுக்காமல் காத்திருங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது.

மாற்று இதயம் என்ற வாசல் அமீரகத்தில் திறந்தது அண்மையில்தான். இறந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க வழிசெய்த சட்டம் 2016-ல் வந்தது, மூளைச்சாவுக்கான வரையறை 2017-ல். அந்த ஆண்டு டிசம்பரில் கிளீவ்லண்ட் கிளினிக் அபுதாபியில் நாட்டின் முதல் இதய மாற்று நடந்தது. 2024 செப்டம்பரில் ரியாத்தின் கிங் ஃபைசல் மருத்துவமனை, பதினாறு வயதுப் பையனுக்கு நெஞ்செலும்பைப் பிளக்காமல் ரோபோ கரங்களால் இதயம் மாற்றியது. மன்னருக்குப் பெட்டி மாற்றிய அதே மருத்துவமனை.

கம்பியே வேண்டாம் என்ற எண்ணமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. காப்ஸ்யூல் மாத்திரை அளவு பேஸ்மேக்கரைத் தொடைச் சிரை வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே கொக்கி போட்டு விட்டுவிடுகிறார்கள். மைக்ரா என்ற அந்தக் கருவியின் எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. 2013-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். தோலுக்கடியில் பையில்லை, சிரையில் கம்பியில்லை, எனவே பைத் தொற்றும் இல்லை. அதன் பேட்டரிக்குச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு ஆயுள் என்று கணித்தார்கள். முதலில் வைத்தவர்களுக்கு இப்போது அந்தக் காலம் நெருங்கிவிட்டது. அதையும் தழும்பு மூடிவிடும் என்பதால், பலருக்குப் பழையதை அணைத்து அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்றை வைப்பதுதான் திட்டம். பின்னால் வந்த அவேர் என்ற கருவியைத் திரும்பப் பிடித்து வெளியே எடுப்பதற்கென்றே அதன் முனையில் ஒரு பிடிப்பு வைத்திருக்கிறார்கள்.